ஆவியானது யார் பங்கு

ஆளுக்கு இருபத்திரண்டு லிட்டர், ஐந்து பேர்.
ஒரே செய்முறைத் தாளை ஐந்து நகல் எடுத்து
ஐந்து அடுப்பில் கொதிக்கவைத்தோம்.
ஐந்து விதமாக வந்தது பீர்.
அரியாங்குப்பத்துத் தண்ணீரில் உப்பு,
லாஸ்பேட்டையில் மின்வெட்டு,
என் வீட்டில் தூக்கம்.

நூற்றுப்பத்து பிடிக்கும் ஓக் பீப்பாய்
நாசிக்கிலிருந்து லாரியில் வந்தது,
உள்ளே திராட்சைக் கறை,
வெளியே யாரோ எழுதிய சாக்பீஸ் எண்.
முத்தியால்பேட்டையில் தனிஸ்லாஸ் வீட்டுப் பின்புறம்
முன்பு ஐஸ் அடுக்கிய கிடங்கில் உருட்டி நிறுத்தினோம்.

ஊற்றிய அன்றே கசிந்தது.
முதலில் ஒரு சொட்டு, பிறகு ஒரு கோடு.
இளநகை ஸ்கூட்டரில் கடலூர் முதுநகர் போய்
படகுத் தச்சர் அஞ்சாபுலியைக் கூட்டிவந்தாள்.
அவர் காது வைத்துக் கேட்டார், தட்டினார்,
பஞ்சும் தேன்மெழுகும் கேட்டார்.
"படகுன்னா தண்ணி உள்ள வரக்கூடாது,
இதுல வெளிய போகக்கூடாது.
வேல ஒண்ணுதான், சட்டையத் திருப்பிப் போட்ட மாதிரி."
குடித்துப் பார்க்கச் சொன்னோம்.
சாமிக்கு மாலை போட்டிருந்தார்.
முகர்ந்துவிட்டு, "பலாச்சுளை வச்ச பொட்டி" என்றார்.
அதைவிடச் சரியாக எங்களில் யாரும் சொன்னதில்லை.

பங்குனி முடியுமுன்பே மரம் குடிக்கத் தொடங்கியது.
கோணிச்சாக்கு போர்த்தி, முறை வைத்து நனைத்தோம்.
கத்தரி வெயிலில் குணாளன்
பீப்பாய்க்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தான்,
காய்ச்சல்காரப் பிள்ளையோடு படுப்பதுபோல.

ஐப்பசியில் அளந்தோம். தொண்ணூற்று மூன்று.
பதினேழு லிட்டரைக் காணோம்.
இளநகைக்குக் கூட்டுறவு வங்கியில் தணிக்கை வேலை.
நோட்டைத் திறந்து கேட்டாள்,
ஆவியானது யார் பங்கு?
வானத்துப் பங்கு என்றான் தனிஸ்லாஸ்.
மரத்துப் பங்கு என்றாள் அமலோற்பவம்.
என்னுடையதில் கழித்துக்கொள் என்றான் குணாளன்,
விசா வந்துவிட்டது, தையில் லியோன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
அவனுடைய இருபத்திரண்டை மட்டும்
தனியே இழுத்தெடுக்க
எந்தக் குழாயும் இல்லை.

(பதினேழில் ஒன்றரைக்கு எனக்குக் கணக்குத் தெரியும்.
ஆடியில் ஒரு ராத்திரி,
சாவி என்னிடம் இருந்த வாரம்.
காரணம் கேட்காதீர்கள்.)

பீப்பாயில் ஊறியதைத் தனியே குடித்தால்
கருப்பட்டி, ஈரப்பலகை,
நாக்கில் படுத்தது எழுந்திருக்கவில்லை.
தனிஸ்லாஸ் கட்டிலுக்கடியிலிருந்து
ஒரு கண்ணாடிக் குடுவையை இழுத்தான்.
தானாகப் புளித்துப்போனது,
வெட்கப்பட்டு எட்டு மாதம் ஒளித்துவைத்தது.
ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் அமலோற்பவம்
பிப்பெட்டில் உறிஞ்சிக் கலந்தாள்.
பத்துக்கு ஒன்று: ஜன்னல் திறந்தது.
ஏழுக்கு ஒன்று: இலந்தைப்பழம்.
ஐந்துக்கு ஒன்று: நீராகாரம், அதுவும் முந்தாநாள் வைத்தது.

எட்டரைக்கு ஒன்று என்று பேரம் படிந்து
பெரிய அண்டாவில் ஊற்றும்போது
இடி, மழை, கரண்ட் போய்விட்டது.
செல்போனைத் தடவி வெளிச்சம் வருவதற்குள்
தனிஸ்லாஸின் கை நிற்கவில்லை.
எவ்வளவு விழுந்ததென்று அவனுக்கே தெரியாது.
இருட்டில் ஆளுக்கொரு டம்ளர்.
யாரோ சிரித்தார்கள்,
யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
நோட்டில் அந்த வரி இன்னும் காலி.
அந்த பீர் மறுபடி வராது.

ஆளுக்கு முப்பத்திரண்டு பாட்டில், மிச்சம் ஒன்று.
அந்த ஒன்றுக்குச் சண்டை,
அடுத்து பீப்பாய் யார் வீட்டுக்கு என்று சண்டை.
நடுவில் அஞ்சாபுலி போனில் வந்தார்.
"காய விட்றாதீங்க, பலக சுருங்கிடும்,
அப்புறம் என் கையில இல்ல."

சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு
அடுப்பு மூட்டக் கிளம்பினோம், நான்கு பேர்.
நூற்றுப்பத்தை நான்கால் வகுத்தால்
இருபத்தேழரை.
என் பாத்திரம் இருபத்தைந்துதான் பிடிக்கும்.